பரிசீலனையார் நம்பாத ஊதாக் கோழிகள்

1

ஒரு லாரி நிறையக் கோழிகளை, ஒன்றைக்கூடக் கையால் தொடாமல், டீ ஆறுவதற்குள் கத்தரிக்காய் நிறத்துக்கு மாற்றிய அரசு ஊழியர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அது நான்தான். மொத்தம் நாற்பதாயிரம் கோழிகள்.

(ஓரத்தில் என் மனைவியின் கையெழுத்து: ‘அது லாரியா, ரயிலா?’ சரி, இரண்டாயிரம். நிறத்தில் மட்டும் ஒரு சொட்டுக் குறைக்க மாட்டேன்.)

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்தில் பரிசீலனையாருக்குக் கேடயம் கொடுத்தார்கள். “பறவைக் காய்ச்சல் வந்தபோது நோய்க்கோழி ஒன்றுகூடப் பண்ணையைத் தாண்டாமல், மனிதர் ஒருவருக்கும் பாதிப்பு வராமல் காத்தவர்” என்று மைக்கில் வாசித்தார்கள். முன்வரிசையில் இருந்த நான் கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

பரிசீலனையார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. கால்நடைத் துறையில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். எதைக் கேட்டாலும் “பரிசீலனையில இருக்கு” என்பார். அலுவலகமே கூடிப் பெயர் சூட்டிவிட்டது. இப்போது எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரர். காலையில் காப்பிக்கு வருவார். வந்தவர் சும்மா இராமல், இந்தப் பக்கங்களைச் சிவப்புப் பேனாவோடு படிக்கிறார்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

‘மேகங்கள் கவிந்திருந்த அந்தக் காலையில்…’ கோழிக்கும் மேகத்துக்கும் என்ன ஒட்டு உறவு?

‘பாய்ந்து வந்த லாரியை அவர் ஒற்றைக் கையால் தடுத்து நிறுத்த, டயரில் தீப்பொறி…’ லாரி தானாகத்தான் நின்றது. டிரைவருக்கு டீ வேண்டியிருந்தது.

‘நான்’ என்று எழுதினால் தம்பட்டமாக இருக்கிறதாம். ஆகவே இனி ‘ஆய்வாளர்’. அவர் வாட்டசாட்டமானவர், அழகர். (மனைவி இங்கே ஒன்றும் எழுதவில்லை. சிரித்த சத்தம் மட்டும் கேட்டது.)

3

பண்ணையிலிருந்து சந்தைக்குப் போகும் சாலையில் ஆய்வாளரின் சோதனைச் சாவடி. தகரக் கூரை, ஒரு தடுப்புக் கம்பு, முதுகில் மாட்டும் தெளிப்பான், ஒரு மருந்து அலமாரி. அவ்வளவுதான் அரசாங்கம்.

லாரிக்குச் சற்று முன்னால் சைக்கிளில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பண்ணையில் கோழி பிடித்துக் கூண்டில் ஏற்றும் சுமைக்காரரின் மனைவி.

“சார், செத்த கோழிய எல்லாம் குழியில தள்ளிட்டு, சாகாததை லாரில ஏத்திக்கிட்டு இருக்காங்க. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில மூச்சு வாங்க முடியாமக் கிடக்காரு. டாக்டர் என்னைக் கேக்குறாரு, ‘கோழி கிட்டப் போனாரா’ன்னு. வேற எங்க சார் போனாரு அவரு? நீங்க பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பண்ணையிலிருந்து ஒரு கோழிகூட வெளியே போகத் தடை வேண்டும் என்று ஆய்வாளர் எழுதி அனுப்பி வாரங்கள் ஆகியிருந்தன. உத்தரவு இல்லாமல் வண்டியைப் பிடித்து வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. லாரி வந்து நின்றதும் மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

“சார், அந்தப் பண்ணை வண்டி வந்துருச்சு. தடை உத்தரவு?”

“பரிசீலனையில இருக்குய்யா.”

“கோழி பரிசீலனையில இல்ல சார், லாரில இருக்கு.”

“அவசரப்பட்டு ரோட்டை மூடினா வியாபாரிங்க என்னைச் சும்மா விடுவாங்களா? மருந்து தெளிச்சு அனுப்பு.”

“எந்த மருந்து சார்?”

“இருக்குறத அடிய்யா! வண்டி கிளம்பணும், அவ்வளவுதான்.”

இருந்தது என்ன தெரியுமா? மாட்டுக் குளம்புப் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து. விரலில் பட்டால் தோல் உரிந்தால்தான் போகும். ஆய்வாளர் கீழ்ப்படிதலுக்குப் பேர் போனவர். முகத்துக்குத் துணி கட்டி, கையுறை மாட்டி, தெளிப்பானை நிரப்பினார். கூண்டு கூண்டாக, சந்து பொந்தெல்லாம், உத்தரவை நிறைவேற்றினார்.

டீக்கடையிலிருந்து திரும்பிய டிரைவர் அலறினார். “ஐயையோ! என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? கோழிய ஏத்திட்டு வந்தேன், கத்தரிக்காய் நிக்குது!”

“மேலிடத்து உத்தரவுப்பா. நீ கிளம்பு.”

சந்தையில் ஒரு கூண்டைக்கூட இறக்க விடவில்லை. “வண்டிய எடுய்யா, இந்தக் கலர் கோழிய எவன் வாங்குவான்” என்று வியாபாரிகளே விரட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் அதே லாரி, அதே கோழிகளோடு, அதே சாலையில் திரும்பியது. டிரைவர் ஆய்வாளரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே பண்ணைக்குப் போனார். சந்தை முழுக்க ஊதாக் கோழிப் பேச்சு. அதற்குப் பிறகுதான் தடை உத்தரவில் கையெழுத்து விழுந்தது, பண்ணைச் சாலை மூடப்பட்டது, கோழிகள் அங்கேயே புதைக்கப்பட்டன.

4

சிவப்புப் பேனா சொல்கிறது: ‘இப்படி ஒரு லாரி வரவே இல்லை. சுமைக்காரர் குடும்பம் கதைக்குத் தேவையா?’

[இங்கே ஒரு பக்கம் வசவு இருந்தது. நீக்கியிருக்கிறேன். என் ரத்த அழுத்தத்துக்கு நல்லதல்ல.]

வாசகரே, நோய்க்கோழி சந்தைக்கு நடந்து போவதில்லை, பறந்தும் போவதில்லை. அதை ஏற்றுகிறவர் உண்டு, ஓட்டுகிறவர் உண்டு, தடுக்க வேண்டிய நாளில் பேனாவை மூடி வைத்துக்கொள்கிறவரும் உண்டு. முதலில் மூச்சுத் திணறுவது மட்டும் எப்போதும் ஏற்றுகிறவர். என் பெருமை கிடக்கட்டும். லாரி பொய் என்றால் அந்தப் பெண் சைக்கிள் மிதித்து வந்து சொன்னதும் பொய். அதற்கு நான் ஒப்ப மாட்டேன்.

5

முடிவுகள்:

(அ) மேலதிகாரி விசாரிக்கப்படுகிறார். சிரிக்காதீர்கள், எழுதிப் பார்த்தேன். பேனா நகரவில்லை.

(ஆ) சுமைக்காரர் பிழைத்துக்கொள்கிறார். மனைவி சைக்கிளை ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து ஊரெல்லாம் கேட்கப் பாடிக்கொண்டே வீடு திரும்புகிறார். நாற்பதாயிரம் பேர் வரவேற்கிறார்கள்.

இரண்டாவதை எடுத்துப் பரிசீலனையாருக்கு வாசித்துக் காட்டினேன். மகிழ்வார் என்று நினைத்தேன். ‘பாதிப்பு இல்லை’ என்ற கேடயத்துக்கு இதைவிட நல்ல முடிவு உண்டா? அவர் காப்பியைத் தொடவில்லை.

“இதை அடிச்சுடுய்யா.”

“ஏன் சார்? சந்தோஷமாத்தான முடியுது?”

“அவன் வீட்டுக்குத் திரும்பல. உனக்கே தெரியும்.”

“அப்படி ஒரு ஆளே தேவையில்லன்னு எழுதினீங்களே?”

அவர் சிவப்புப் பேனாவை மூடி மேசையில் வைத்தார். (அதிசயம். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.)

எந்த முடிவை வைப்பது, இந்த மனிதரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாசகரே, அது உங்கள் பாடு. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னதை மட்டும் நீட்டாமல் குறைக்காமல் தருகிறேன்:

“லாரி வந்துச்சுய்யா. நீ சொன்னதெல்லாம் நடந்துச்சு. இந்த வாரம் வீட்டுக்குக் கோழி வாங்காதீங்கன்னு என் சம்சாரத்துகிட்ட சொல்லிட்டுத்தான், வண்டிய அனுப்புன்னு உன்கிட்ட சொன்னேன்.”