சாட்சி சொன்ன தொப்பை

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்காதவன் நான். அப்படிப்பட்டவன், மகளைப் பார்க்கப் போன வெளிநாட்டில், வாடகைக் காரை ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்காமல் எடுத்தேன். கவுன்ட்டர்காரர் 'சார்' என்றார். அதில் குளிர்ந்துபோய், அவர் விரல் காட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது, அதே மனிதர் பட்டப்பகலில் டார்ச் அடித்து, பின்கதவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறலைக் கண்டுபிடித்தார். அவர் நீட்டிய பில்லைப் பார்த்தால், காரை நான் மலையிலிருந்து உருட்டிவிட்டேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். புதுக் கதவு, புது பெயின்ட், கார் ஓய்வெடுக்கப்போகும் ஆறு நாள் வாடகை, போதாததற்கு இத்தனையையும் கூட்டிப் போட்டதற்கு ஒரு கூலி. சைக்கிள்காரர்களே முந்திப் போகும் வேகத்தில் ஓட்டியவன் எதில் போய் உரசியிருப்பேன் என்று கேட்டேன். கீறல் முன்பே இருந்திருந்தால் நான் கையெழுத்திட்ட தாளில் ஏன் இல்லை என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்போதும் 'சார்'தான்.

"வெண்டைக்காய மட்டும் நாலு தடவ ஒடிச்சுப் பாப்பீங்க" என்றாள் மனைவி.

மகள் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பணம் அவள் கார்டிலிருந்து போயிருந்தது. அடுத்த மாத அறை வாடகைக்கு வைத்திருந்த பணம்.

"விடுங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

பில்லைவிட அதுதான் எனக்கு உறைத்தது.

மனைவிக்குத்தான் ஞாபகம் வந்தது. முதல் நாள் இதே வாசலில், கூலிங் கிளாஸ் மாட்டி, காரின் பின்கதவில் சாய்ந்து நான் ஒரு போஸ் கொடுத்திருந்தேன். படத்தில் எனக்கு முன்னால் தொப்பை வந்து நின்றதால், உடனே அழிக்கச் சொன்னேன். இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவள் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒன்றைத்தான். அழிப்பதற்கு முன் தன் தம்பிக்கு அனுப்பியிருந்தாள், அவ்வளவுதான்.

மைத்துனனிடம் எதையும் கேட்டதில்லை என்பது ஒன்றே குடும்பத்தில் எனக்கு மிஞ்சியிருந்த கௌரவம். போன் செய்தேன்.

"எந்தப் படம் அத்தான்? ஒரு காரையே மறைச்சுக்கிட்டு நிப்பீங்களே, அதுவா?"

"அதேதான்."

"இருங்க, போனைத் தொறந்தாலே அதுதான் வரும். அனுப்பறேன்."

கவுன்ட்டர்காரர் படத்தைத் தன் பெரிய திரையில் போட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். முதலில் தொப்பை வந்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தியதும், என் முழங்கைக்குக் கீழே அதே கீறல். மேலே அவர்கள் பெயர்ப்பலகை, ஓரத்தில் தேதி, நேரம். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடையாளத்தில் சந்தேகம் வர வழியில்லை.

பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு, முன்பணம் முழுதும் திரும்பிவிடும் என்றார். ஆனால் படம் இந்தக் காரின் கோப்பிலேயே இருக்குமாம். இனி அந்தக் காரை எடுப்பவர்களுக்கெல்லாம் காட்டுவார்களாம். சம்மதமா என்று கேட்டார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தாராளமாக என்றேன்.

இந்த முறை அவர் நீட்டிய தாளை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். 'பழைய சேதம்' என்ற தலைப்புக்குக் கீழே என் படம் இருந்தது.