ஏழாம் நம்பர் பஞ்ச்

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பொருள்களைச் சோதித்துப் பார்ப்பது குணசேகரின் வேலை. சோதித்ததும், எண் பதிக்கும் உளியான பஞ்சால் இரும்பில் தன் நம்பரான '7'ஐ அடிப்பான். அவன் பார்த்ததற்கு அதுதான் சாட்சி. ஆனால் சாப்பிடப் போனாலும் லீவில் போனாலும் பஞ்ச் மேசைமேலேயே கிடக்கும். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்து அடித்துக்கொள்ளலாம். நல்ல வழக்கம், போங்கள்!

ஒரு நாள் லீவு முடிந்து வந்தவனிடம் ஸ்டோர்ஸ் ரவி பெருமையாகச் சொன்னான். "நீர்மின் நிலையத்து போல்ட் இருபத்திநாலும் நேத்தே போயிடுச்சு குரு. நானே உன் நம்பர் அடிச்சுட்டேன்."

"டெஸ்ட் பண்ணியா?"

"லாரி நின்னுட்டிருந்துச்சு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

குணசேகர் ஸ்டோர்ஸுக்கு ஓடினான். அதே தொகுதியில் மிஞ்சிக் கிடந்த ஒரு போல்ட்டில் சிவப்பு மையைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவினான். ஐயோ! கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு எழுந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த மை.

அணைத் தண்ணீர் ராட்சசக் குழாயில் பாய்ந்து இறங்கி டர்பைனைச் சுற்றும். அதன் தண்டு, மேலே செப்புச் சுருள்களுக்கு நடுவே காந்தத்தைச் சுழற்றும். அப்படித்தான் மின்சாரம் பிறக்கிறது. அத்தனை தண்ணீரையும் அடக்கும் டர்பைன் மூடியைப் பிடித்திருப்பவை இந்த போல்ட்டுகள். மூடி தெறித்தால் கீழே நிற்பவர்களுக்குப் படியேறக்கூட நேரமிருக்காது.

"மின் நிலையத்துக்கு போன் பண்ணா உன் ஏழாம் நம்பர்தான் மாட்டும். வேலை போயிடும். பேசாம இருப்பா" என்று பட்டறை போனைத் தொடவிடவில்லை மேனேஜர் ஆராவமுதன்.

குணசேகரின் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் முப்பது வருஷம் இறங்கியவர். ஆளை இறக்கும் கூண்டின் கயிற்றைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவனை நம்பித்தான் இறங்கினார். குணசேகர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். இரண்டு முறை லைன் கிடைக்கவில்லை.

மூன்றாம் முறை மின் நிலைய ஃபோர்மேன் கோவிந்தப்பா எடுத்தார். "சீக்கிரம் சொல்லுங்க, தண்ணி விடப்போறோம்."

"ஏழாம் நம்பர் நான்தான் சார். அந்த போல்ட்டை நான் பார்க்கவே இல்ல. விடாதீங்க!"

"ஏய், நீரு பிடபேடி!" என்று, தண்ணீரை விடவேண்டாமெனக் கன்னடத்தில் அங்கே அவர் கத்துவது கேட்டது.

சாயங்காலம் பட்டறைக்கே போன் வந்தது. எடுத்த ஆராவமுதன் முகம் வெளுத்து, குணசேகரிடம் நீட்டினார்.

"நாலு போல்ட்ல விரிசல்ப்பா. கீழ பதினோரு பேர் இருந்தோம். உன் நம்பரைப் பார்த்துத்தான் தைரியமா இறங்கினோம்" என்றார் கோவிந்தப்பா.

பக்கத்தில் ரவி அழுதுகொண்டிருந்தான். "என்னாலதானே குரு..."

"உன்னால மட்டுமில்ல. கண்ணால பார்க்காததுக்குச் சாட்சி சொல்றது கொலைக்குச் சமம். சாட்சியை மேசைமேல போட்டுட்டுப் போனவன் நான்!"