முப்பத்தாறு டிகிரிக்கு மேல் வேண்டாம்

மாமியாரின் காரை மருமகளே கட்டிப்போட்டாள் என்று நாலு பேர் பேசினால், அந்த மருமகள் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வாள்? அதுவும் எதிரே ஓடப்போகிற கார் அவளைப் பெற்ற அம்மாவுடையது என்றால்?

விஷயம் இதுதான். பழைய விமான ஓடுபாதையில் ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயம். கால் மைல், நேர்கோடு. ஐம்பது வயது தாண்டிய பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் சம்பந்திகளாகப் போனது மெக்கானிக்கின் தலையெழுத்து. மெக்கானிக் வேறு யாருமில்லை, மருமகள்தான். மாமியாரின் கார் அவள் பொறுப்பு. அம்மாவோ தன் காரை யாரையும் தொடவிட மாட்டாள்.

இஞ்சின் வேகம் கூடக் கூட ஸ்பார்க் கொஞ்சம் முந்தி வரவேண்டும்; அந்த முந்தலுக்கு அட்வான்ஸ் என்று பெயர். ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் இரண்டு எடைகள் விரிந்து அதை முந்த வைக்கும். கிளம்பும்போதே கார் பாயட்டும் என்று மருமகள் ஆரம்ப டைமிங்கை, அதாவது ஸ்பார்க் முந்தும் அளவை, பதினெட்டு டிகிரிக்கு ஏற்றியிருந்தாள். எடைகளை அவற்றின் போக்கில் விட்டால் மேலே இன்னும் இருபத்தெட்டு சேரும். அந்த இஞ்சின் தாங்குவது முப்பத்தாறுதான். நாற்பத்தாறு என்றால் பிஸ்டன் பொசுங்கிவிடும். அதனால் எடைகளின் வீச்சைத் தடுக்கிற ஊசியின்மேல் புஷ் என்கிற ஒரு சின்னப் பித்தளை வளையத்தைச் செருகினாள். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத சாமான். பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு என்று டைமிங் லைட் காட்டியதும், ஸ்பானரால் பானெட்டில் தாளமே போட்டாள்.

தாளத்தோடு நிறுத்தியிருக்கலாம். சனிக்கிழமை காபி குடிக்கும்போது வாயைத் திறந்துவிட்டாள்.

"அத்தை, அட்வான்ஸைக் கொஞ்சம் கட்டுப்படுத்தியிருக்கேன்."

"உங்கம்மா காருக்கும் கட்டுப்படுத்தியிருக்கியா?"

"அவங்க காரை நான் தொடவே இல்லையே அத்தை."

"ம்" என்றார் மாமியார். அந்த ஒரு எழுத்துக்குள் பிறந்த வீடு, புகுந்த வீடு, தாய்ப்பாசம் எல்லாம் அடங்கியிருந்தன. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று தெரிந்த கணவன், காபியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

ஞாயிறு காலை ஒத்திகை ஓட்டத்தில் மாமியாரின் கார் வில்லிலிருந்து புறப்பட்டதுபோல் பாய்ந்தது. பாதி தூரத்தில், தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கியதுபோல் இஞ்சினில் ஒரு சத்தம். ஸ்பார்க் முப்பத்தாறைத் தாண்டிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. மருமகள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு குறுக்கே ஓடிக் காரை நிறுத்தினாள்.

"அத்தை, டிஸ்ட்ரிபியூட்டரை யாரு திறந்தது?"

மாமியார் வானத்தைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், கடைசியில் கைப்பையைத் திறந்தார். கைக்குட்டை முடிச்சுக்குள் பித்தளை புஷ் பத்திரமாக இருந்தது.

"காலையில நான்தான் எடுத்தேன். கழட்ட நீதானே சொல்லிக்கொடுத்தே."

"எதுக்கு எடுத்தீங்க?"

"உங்கம்மா ஜெயிக்கட்டும்னு நீ போட்டிருக்கேன்னு நினைச்சேன்."

மருமகளுக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாக அந்தக் காருக்குக் கிரீஸ் பூசிய கை அவளுடையது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"திரும்பப் போடவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. போடலைன்னா இன்னைக்கே பிஸ்டன்ல ஓட்டை விழும்."

மாமியார் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு புஷ்ஷை அவள் உள்ளங்கையில் வைத்தார். "போடும்மா."

பந்தயத்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. மூடியைக் கழற்றி, ரோட்டரை எடுத்து, எடைகளில் கைவைத்த நேரம் பார்த்து, தோளுக்குப் பின்னால் அம்மாவின் தலை எட்டிப் பார்த்தது.

"என்னடி அது?"

"புஷ்ம்மா."

"எனக்கு?"

"உன் டைமிங்கை ஏத்தவே இல்லையே, உனக்கு எதுக்கு?"

"ஏன் ஏத்தலை? கட்டிக்கொடுத்துட்டா பெத்தவ வேத்தாளா?"

ஒரு பக்கம் சந்தேகம், இன்னொரு பக்கம் மனத்தாங்கல், நடுவில் ஸ்க்ரூடிரைவர். மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கியதில் ரோட்டர் ஸ்க்ரூ தெறித்துக் காருக்கடியில் ஓடியது. நரைமுடிக்காரிகள் இரண்டு பேரும் ஹெல்மெட்டோடு மண்டியிட்டுத் தேடினார்கள். "உங்க பக்கம் பாருங்க சம்பந்தி", "என் பக்கம் இல்லை, நீங்க காலை எடுங்க." கொடிக்காரர் மூன்றாவது தடவை விசில் ஊதியபோது அம்மாதான் ஸ்க்ரூவைக் கண்டுபிடித்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

கார்கள் கிளம்பின. மருமகள் யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல் இரண்டு பேருக்காகவும் கத்தினாள். முக்கால் தூரம்வரை மூக்கும் மூக்கும் ஒட்டிக்கொண்டு போயின. இஞ்சினில் கோலிக்குண்டுச் சத்தம் துளிகூட இல்லை. அரை பானெட் வித்தியாசத்தில் மாமியார் கோட்டைத் தாண்டினார்.

அறிவிப்பாளர் மைக்கை நீட்டி வெற்றியின் ரகசியம் என்ன என்று கேட்டார். மாமியார் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"என் மருமக கணக்கா ஒரு தடுப்பு போட்டா. அவங்கம்மாவுக்காகப் போட்டான்னு சந்தேகப்பட்டு நான் கழட்டிட்டேன். அவ போட்டது சரி. நான் நினைச்சது தப்பு."

மருமகளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் அம்மா விறுவிறுவென்று வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"அவளைப் பெத்தது நான். அதையும் எழுதிக்கோங்க."

"பெத்தீங்க சரி, மைக்கைக் கொடுங்க சம்பந்தி, நான் இன்னும் முடிக்கலை" என்று மாமியார் இழுத்தார். மருமகள் அழுகையும் சிரிப்புமாக அங்கிருந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் புகழ்வதற்கு இரண்டு பேரும் முட்டிமோதியதில் மைக்கின் ஒயர் அறுந்துபோனது.