கிளட்சைத் தேய்த்த கால்

வேன் நடுரோட்டில் உறுமிக்கொண்டு நின்றுபோன அன்றே லாண்டரி அக்காவுக்கும் அவள் கணவருக்கும் வழக்கு ஆரம்பித்துவிட்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் வந்ததே தவிர வண்டி நகரவில்லை. கிளட்ச் போய்விட்டது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாரால் போனது என்பதில்தான் சண்டை.

கணவரைத் தெருவே கஞ்சியார் என்றுதான் கூப்பிடும். ஹோட்டல் மேஜை விரிப்புகளுக்குப் போடுகிற கஞ்சியில் கொஞ்சம் தன் சட்டைக்கும் போட்டுக்கொள்வார். காலர் விறைத்தே நிற்கும், மேலே இருக்கிற தலையும் அப்படித்தான். பதினோரு வருடம் அந்த வேனை அவர்தான் ஓட்டினார். எட்டு மாதத்துக்கு முன்னால் அக்கா லைசென்ஸ் எடுத்தாள். அன்று முதல் காலை டெலிவரி அவளுடையது, சாயங்காலம் அழுக்குத் துணி எடுத்துவருவது அவருடையது. இஸ்திரி அறையின் ஆவியில் இருபது வருடம் வெந்தவளுக்கு ஜன்னல் காற்று முகத்தில் அடித்ததும்தான் உயிரே வந்தது. அந்த சீட்டை இனி யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை அவள்.

"யார் கால் இந்தக் கிளட்சைக் கொன்னுச்சோ, அவங்க இனிமே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது," என்று கஞ்சியார் விசாரணைக்கு முன்பே தீர்ப்பை வாசித்துவிட்டார்.

"ரெண்டு பேர் காலும்னா?"

"சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வெச்சிடலாம். நீ உள்ள, நான் கல்லாவுல."

மறுபடி அந்த ஆவி அறையா என்று அக்கா பயந்தாள். ஆனாலும் வீம்புக்குக் குறைச்சலா என்ன, சரி என்று தலையாட்டிவிட்டாள்.

வேனைக் கட்டி இழுத்துப்போய் விட்ட மெக்கானிக்கிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டு வேண்டாததை மாட்டிவிட்டான் என்று எந்தக் காலத்திலோ ஒருவர் பழி சொல்லிவிட்டார். அதிலிருந்து மெக்கானிக் தானாக எதையும் மாற்றுவதில்லை. கழற்றியதையெல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைப்பார். வண்டிக்குச் சொந்தக்காரர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, வாயால் 'மாத்து' என்றோ 'இருக்கட்டும்' என்றோ சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஸ்பேனரையே எடுப்பார்.

"கிளட்ச் பிளேட்டைப் பாருங்க," என்றார். ரிவெட் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதை மாற்றுவதில் தகராறு இல்லை. இருவரும் தொட்டார்கள், இருவரும் 'மாத்து' என்றார்கள்.

அடுத்தது, பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்துகிற பேரிங். மெக்கானிக் அதைக் கையில் வைத்துச் சுற்றினார். மணலை மெல்லுவதுபோல் நறநறத்தது.

"இது எதனால போகும்?" என்று அக்கா ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

"பெடல் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டினா போகும்க்கா."

கஞ்சியாரின் இடது கால் எந்நேரமும் எங்கே இருக்கும் என்பது வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும். அக்காவின் முகத்தில் நூறு வாட்ஸ் பல்பு எரிந்தது. எரிந்து முடிவதற்குள் மெக்கானிக், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டைத் திருப்பிக் காட்டினார். அதன் முகத்தில் நீலம் நீலமாகச் சூட்டுத் தழும்புகள்.

"இது?" என்று இப்போது கஞ்சியார் கேட்டார்.

"மேட்டுல ஹேண்ட் பிரேக் போடாம, பாதி கிளட்ச்லயே வண்டியைப் பிடிச்சு நிறுத்தினா இப்படித்தான் கருகும்ணே."

பெரிய ஹோட்டலுக்கு ஏறுகிற செங்குத்து மேடு. தினமும் காலையில் அதில் ஏறுவது அக்கா; சாயங்கால மூட்டையை ஹோட்டல் பையனே மேட்டுக்குக் கீழே கொண்டுவந்து கொடுத்துவிடுவான். ஹேண்ட் பிரேக்குக்குக் கையை எடுத்தால் வண்டி பின்னால் உருண்டுவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். பல்பு அணைந்து கஞ்சியார் முகத்தில் எரிந்தது.

"பேரிங் இருக்கட்டும்," என்றார் கஞ்சியார் சட்டென்று. "வண்டின்னா கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். பிரஷர் பிளேட்டை மாத்து."

"பிரஷர் பிளேட்டுக்கு என்ன கேடு? நீலம் லட்சணமாத்தான் இருக்கு. அது இருக்கட்டும். பேரிங்கை மாத்து."

தன் குற்றத்தைத் தொட இருவருக்கும் கை வரவில்லை. அடுத்தவர் குற்றத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். செலவுக்குப் பயந்து மறுக்கிறவர்களை மெக்கானிக் நிறையப் பார்த்திருக்கிறார், மானத்துக்குப் பயந்து மறுக்கிறவர்களை இன்றுதான் பார்க்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையெல்லாம் கிரீஸ்.

"கியர் பாக்ஸை ஒரு தடவை இறக்கியாச்சு. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் போட்டா மூணு மாசத்துல மறுபடி இறக்கணும். ஒவ்வொண்ணுக்கும் உங்கள்ல ஒருத்தராவது 'மாத்து'ன்னு சொல்லியாச்சு, மூணையும் மாத்துறேன். பிளேட் உட்கார்ற ஃபிளைவீல்ல லேசான கீறல்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போதும். யார் கால்னு நான் சொல்ல மாட்டேன், வண்டியே சொல்லும்."

சொன்னபடி மூன்றையும் மாற்றினார். கூடவே கிளட்ச் பெடலுக்கு அடியில் ஒரு பஸ்ஸரை மாட்டிவிட்டார். கால் பட்டால் கத்தும், எடுத்தால் நிற்கும். கியர் மாற்றும்போது கத்துவது கணக்கில்லை. பத்து எண்ணுகிற வரை விடாமல் கத்தினால் ஓட்டுகிறவர் அவுட். இந்தச் சட்டத்தைச் சொல்லும்போது அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

முதலில் சீனியர் என்று கஞ்சியார் ஏறினார். வண்டி கேட்டைத் தாண்டியதுமே பஸ்ஸர் கீ என்று ஆரம்பித்தது. அக்கா விரல் மடக்கி, நிறுத்தி நிதானமாக, ருசித்து ருசித்து எண்ணினாள். பத்து வந்தது. இருபதும் வந்தது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது ரிப்பேர்," என்றார் கஞ்சியார்.

"காலை எடுத்துப் பாருங்க."

எடுத்தார். நின்றது. அவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கிச் சுற்றி வந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்தார். காலர் மட்டும் இன்னும் விறைப்பாக இருந்தது.

அக்கா ஜம்மென்று ஓட்டினாள், ஹோட்டல் மேடு வரும்வரை. பாதி மேட்டில் முன்னால் போன லாரி நின்றது. அக்கா நின்றாள். பஸ்ஸர் கத்தியது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. ஹேண்ட் பிரேக் எங்கே என்று மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு," என்று ஆரம்பித்தார் கஞ்சியார். "ரெண்டு. மூணு."

லாரி அசையவில்லை. அக்காவின் காதில் இஸ்திரிப் பெட்டியின் ஆவிச் சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். அழுகை முட்டியது.

"ஏழு. எட்டு."

இடைவெளி.

"எட்டே கால்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் லாரியின் நம்பர் பிளேட்டையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"எட்டரை. எட்டே முக்கால்." கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை முழு பலத்தோடு இழுத்தார். கியரைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். "ம், காலை எடு."

எடுத்தாள். பஸ்ஸர் நின்றது. வேன் நின்ற இடத்தில் நின்றது.

"பத்து வரலையே," என்றாள் மெதுவாக.

"வரல," என்றார் கஞ்சியார். "பதினோரு வருஷமா இந்த மேடுன்னா எனக்குக் கதி கலங்கும். அந்தப் பயத்துல ஒட்டின காலுதான், சமதரையிலயும் எடுக்க வரல. லைசென்ஸ் எடு, லைசென்ஸ் எடுன்னு உன்னை ஏன் அரிச்சேன்னு நினைக்கிற?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. லாரி புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது.

"நீ கிளம்பு," என்றார் கஞ்சியார். "பிரேக்கை நான் விடுறேன்."