படகிதழின் முனை

1

ஒரு பூவின் விலை நாற்பத்துமூன்று ஆடுகள். குறைத்துக் கேட்காதீர்கள், கடைவீதியில் வளர்ந்தவன் நான், படிகிற விலை எது, படியாத விலை எது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

கதை என் தங்கையுடையது. அவள் கால்நடை டாக்டர். சாப்பிடும்போது பாதி சொன்னாள். மீதியைக் கேட்டதும் கை கழுவ எழுந்து போய்விட்டாள்.

2

முதல் தொடக்கம்: 'மலைப் புல்வெளியில் ஊதாப் பூக்கள் கடல்போல—'

வேண்டாம். அந்தப் புல்வெளியை நான் பார்த்ததில்லை. பார்த்தது அவளுடைய அறையைத்தான்: தடுப்பூசிப் பெட்டி, எடை மெஷின், ஒரு கால் ஆடுகிற மேசை. அந்த மேசைமேல் ஆட்டுக்காரர் ஒரு செடியை வைத்தார். கூடவே அவர் மனைவி. அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்:

"ஓடைக்கரை முழுக்க இதுதாம்மா. வருஷா வருஷம் அதே வேர்லயிருந்து தழைக்குது. கீழ ஒரு புல்லு இல்ல. நாளைக்கு நாப்பத்துமூணு ஆட்டையும் மலைமேல ஏத்தலேன்னா வித்துட வேண்டியதுதான். மேயவிடலாமா?"

பட்டாணிக் குடும்பத்துச் செடி. இதில் அச்சு அசலாக ஒன்றுபோல் இரண்டு உண்டு. ஒன்று நல்ல தீவனம். மற்றதைத் தின்றுகொண்டே இருந்தால் ஆடு தள்ளாடி, கடைசியில் புத்தி பேதலித்துவிடும். வித்தியாசம், பூவின் அடியில் படகுபோல் மடங்கிய இதழின் முனையில்: மழுங்கல் என்றால் தீவனம், கூர் என்றால் விஷம். (கதைக்காகச் சுருக்கியிருக்கிறேன். இதை நம்பி ஆட்டை அவிழ்த்துவிடாதீர்கள்.)

பூக்கள் எல்லாம் அப்பளமாக நசுங்கியிருந்தன.

"எதுல வச்சுக் கொண்டுவந்தீங்க?"

"பைக் சீட்டுல வச்சு மேலயே உக்காந்துட்டாரு!"

"பறந்துடும்னு பயந்தேன்."

"பறக்க அது என்ன குருவியா?"

நுனியில் ஒரே ஒரு பூ பிழைத்திருந்தது.

3

இந்த மனைவி நிஜமாக வந்தாளா, நான் சேர்த்துவிட்டேனா என்று எனக்கே சந்தேகம். அவளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தேன். அறையில் யாருமே சிரிக்கவில்லை. இருக்கட்டும்.

4

தங்கை ஊசியை எடுத்தாள். பூதக்கண்ணாடிக்குள், குடைபோல் நின்ற கொடியிதழை விலக்கினாள். சிறகிதழ்கள் இரண்டையும் பிரித்தாள். படகைத் தொட்டதும் அது தானாகத் திறந்துகொண்டது. உள்ளே பத்து மகரந்தத்தாள்கள்: ஒன்பது ஒட்டிப் பிறந்தவை, ஒன்று மட்டும் தனியாக.

பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வரி அது. இப்போது கண்முன்னால், ஒரு அரிசிமணி இடத்தில், மூச்சுப்பட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. முனையைப் பார்க்க மறந்தே போனாள்.

"என்னம்மா, உள்ள என்ன தெரியுது?" என்றாள் ஆட்டுக்காரரின் மனைவி.

தங்கை கண்ணாடியை அவளிடம் நீட்டினாள். அவள் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"இத்தனை வருஷம் இது மேலதான் நடந்தோமா? யோவ், இங்க வந்து பாருய்யா! உள்ள ஒரு குடும்பமே இருக்கு!"

அவரும் குனிந்தார். வாய் தானாகத் திறந்தது. அவர் தோளுக்கு மேலாக, அதே கண்ணாடிக்குள், இந்தமுறை தங்கை முனையைப் பார்த்தாள்.

5

முடிவு அ: முனை மழுங்கல். ஆடுகள் மேலே— இது பொய், அழித்துவிட்டேன்.

முடிவு ஆ: தங்கை தொண்டையைச் செருமிக்கொண்டு—

இதற்குமேல் எனக்கு வரவில்லை. அவர்கள் இன்னும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, கணக்கை முடித்து உங்களிடம் ஒப்படைக்கிறேன்:

கொடி ஒன்று, சிறகு இரண்டு, படகாக ஒட்டிக்கொண்டவை இரண்டு: இதழ் ஐந்து. சரி.
ஒன்பதும் ஒன்றும் பத்து. சரி.
முனை: கூர்.
அவர்களிடம் அதைச் சொல்வது: பாக்கி.