இடது பொத்தான்

தகடு வெட்டும் பிரஸ் இறங்க இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை இருக்காது என்று சட்டம் சொன்னது. ஆனால் தேய்ந்த செருப்பில் வெட்டிய ரப்பர் துண்டை இடது பொத்தானில் செருகிவிட்டால் வலது கை அடிக்கும், இடது கை தகடு மாற்றும். மணிக்கு முன்னூறு தகடு ஐந்நூறாகும்.

மூன்று மாதம் தொடர்ந்து முதலிடம் வந்தால் நிரந்தர வேலை என்று பலகையில் எழுதியிருந்தது. பத்து வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கும் மாமாவுக்கு முதலிடத்தில் இன்றோடு மூன்றாவது மாதம் முடிகிறது. பக்கத்துப் பிரஸ்ஸில் அவர் மைத்துனன்.

"இன்னிக்கு ஒரு நாள்தான்டா. அப்புறம் உங்க அக்கா என்னை மனுஷனா மதிப்பா."

"அதுக்கு இந்த ஜென்மம் பத்தாது மாமா."

காலையில் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதற்குள் சூப்பர்வைசர் எல்லா ரப்பரையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்று மணி நேரம் எல்லோரும் சட்டப்படி அடித்தார்கள். ஆய்வாளர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கார் ஏறினார்.

"சட்டம் வீட்டுக்குப் போயாச்சு, புடிங்க," என்று சூப்பர்வைசர் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். "இலக்குல ஒண்ணுகூடக் குறையாது."

மாமா ரப்பரைச் செருகிவிட்டுப் பேய் மாதிரி அடித்தார். ஆனால் காலை முழுக்க வலது கட்டைவிரல் பொத்தான்மேலேயே சும்மா கிடந்து பழகியிருந்தது. இடது பொத்தானையும் அழுத்தாதவரை பிரஸ் இறங்காது. இப்போதும் பழக்கதோஷத்தில் அழுத்தியபடி கிடந்தது. இடது கை உள்ளே இருக்கும்போதே பிரஸ் இறங்கியது.

எலும்பு நொறுங்கியது மைத்துனனுக்குக் கேட்டது. நான்கு விரல்கள் தகட்டோடு தகடாகக் கிடந்தன. மாமா அலறினார்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். வந்தவர் முதலில் இடது பொத்தானிலிருந்து ரப்பரைப் பிடுங்கினார்.

"கையைப் பாக்காம அதை எடுக்குறியாடா நாயே!" மைத்துனன் அவர் பிடரியைப் பிடித்து இரும்புத் தூணில் மோதினான். மறுபடி மோதினான். பல் தெறித்தது. நான்கு பேர் இழுத்தும் விடவில்லை. அவனுக்கு வெறி அடங்கவில்லை.

சாயங்காலமே இரண்டு காகிதங்கள் தயாராகிவிட்டன. மேலதிகாரியைத் தாக்கியதற்காகச் சட்டப் பிரிவின்படி மைத்துனன் நீக்கம். பொத்தான்கள் இரண்டும் சரியாக இயங்குவதால், விபத்துக்கு மாமாவின் கவனக்குறைவே காரணம்.

மறுநாள் மாமாவின் பிரஸ்ஸில் புதிய ஆள் நின்றான். உதடு வீங்கிய சூப்பர்வைசர் பலகையைக் காட்டிவிட்டு, பையிலிருந்து ரப்பர் துண்டை எடுத்துக் கொடுத்தார். அதில் காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிவிட்டு, அவன் இடது பொத்தானில் செருகினான்.