மூன்று கதவுக்கும் ஒரே சாவி

...ஈரம்தான், சந்தேகமே இல்லை, உள்ளங்கையை வைத்தே பார்த்தாகிவிட்டது, மேல்மாடிக் குளியலறையில் குழாயடியைச் சுற்றி ஈரம், சோப்புகூடக் கொழகொழவென்று, அந்த சர்வேயர் காலி செய்து போய் ஒரு வாரம் ஆகிறது, அன்றைக்கே துடைத்துக் காயவைத்துப் பூட்டியது அவள்தானே, குழாய் ஒழுகுகிறதா என்றால் அதுவும் இல்லை, பிறகு யார் குளித்தது? சாயங்காலம் புதிதாக ஒருத்தி வருகிறாள், கைக்குழந்தையோடு, நாலு மாசத்துக்கு, அவளுக்காக விரிப்பு மாற்ற வந்த இடத்தில் இதென்ன... உறை மாற்றி உதறி வைத்த தலையணையில் ஒரு குழி வேறு, யாரோ தலைவைத்து எழுந்துபோன குழி. அதன்மேல் கை வைக்கப் போனவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள், சூடாக இருந்துவிட்டால்?

எல்லாம் அந்தச் சாவியால் வந்தது. கணவர் போனபிறகு நடுமாடியில் தான் இருந்துகொண்டு, கீழ்வீட்டையும் மேல்மாடியையும் மூன்று மாசம் ஆறு மாசம் என்று வேலை விஷயமாக வருகிறவர்களுக்கு விடலாம் என்று முடிவானபோது, கொத்துச் சாவியோடு மல்லுக்கட்ட முடியாமல், மூணு கதவுக்கும் ஒரே சாவியா போட்டுடுங்க என்று சொன்னது அவள்தான், பூட்டுக்காரர்கூடச் சிரித்தார், “இது வீடாம்மா, பஸ் ஸ்டாண்டா?” என்று. எத்தனை பேர் வந்து போய்விட்டார்கள், கிசுகிசுப்பாகவே சண்டை போட்ட வாத்தியார் தம்பதி, இருமிக்கொண்டே இருந்த மருந்துக் கம்பெனிக்காரர், எல்லாரும் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள், நகல் எடுத்திருந்தால் யார் கண்டது, எவர் கையிலோ இருக்கும் அது மேல்மாடியை மட்டுமா திறக்கும், அவள் தூங்குகிற அறையையும்தானே... மகளிடம் சொல்லலாமா, வேண்டாம், “இதுக்குத்தாம்மா சொல்றேன், உன்னால முடியலை, வீட்டை வித்துட்டு என்கூட வந்துடு” என்று ஆரம்பிப்பாள், போன மாசம் அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போனதிலிருந்து அவளுக்கு அதே பேச்சு.

கீழ்வீட்டு நர்ஸைக் கேட்டால் தெரியும், சாவியை வாங்காமல் சொந்தப் பூட்டு போட்டுக்கொண்டவள், பாதி நாள் ராத்திரி டியூட்டி, பகலில் வீட்டில் இருக்கிற பெண். இறங்கிப் போய்க் கேட்டாள், மேல ஏதாவது சத்தம் கேட்டதாம்மா? ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே நர்ஸ் சிரித்தாள். “நல்லா இருக்கே ஆன்ட்டி, நேத்து மதியம் நீங்கதானே ஏறிப் போனீங்க? கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கலை. கோபமோன்னு நினைச்சேன், குப்பையை வெளியே வைக்காததுக்கு.” நேற்று மதியம் அவள் தூங்கினாள், நன்றாக நினைவிருக்கிறது, படுத்தது நினைவிருக்கிறது, எழுந்தது... எழுந்தபோது தலைமுடி ஏன் நனைந்திருந்தது, வியர்வை என்றுதானே நினைத்தாள்? முகத்தைப் பார்த்தியா என்று கேட்க நினைத்தவள், “காதுல விழலைம்மா” என்று சொல்லிச் சிரித்துவைத்தாள், ஏன் அப்படிச் சொன்னாள்?

மாடிப்படியில் உட்கார்ந்து பூட்டுக்காரருக்குப் போன் போட்டாள். “இன்னிக்கே வரட்டுமாம்மா? மூணையும் கழட்டிட்டு வேற வேற போட்டுடலாம், சின்ன வேலைதான்.” வாங்க என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றாள்... மாற்றிவிட்டால் பழைய சாவி எதுவும் செல்லாது, எவரும் உள்ளே வர முடியாது, அதன் பிறகும் அந்தத் தரை ஈரமாக இருந்தால்? அப்போது யாரைச் சொல்வது, மகளிடம் என்னவென்று மறைப்பது, வீடு, இந்தப் படி, எல்லாம் போய்விடுமே, திருடனாகவே இருக்கட்டும், கத்தியோடு வருகிறவனாகக்கூட இருக்கட்டும்... “அம்மா, லைன்ல இருக்கீங்களா?” இப்ப வேண்டாங்க, பிறகு சொல்றேன் என்று வைத்துவிட்டாள். மேலே போய்த் தரையைத் துடைத்தாள், தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள்.

குழந்தை அவள் எதிர்பார்த்ததைவிடச் சின்னது, தோளில் வாய் திறந்து தூங்கியது. அந்தப் பெண் ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள், குளியலறையை எட்டிப் பார்த்து, “இப்பதான் கழுவினீங்களா ஆன்ட்டி?” என்றாள், பிறகு சாவியைக் கையில் வாங்கித் தயங்கினாள். “நான் தனியா இருக்கப்போறேன், அதான் கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. இது வேற யார்கிட்டயும் இல்லையே?”

“என்கிட்ட மட்டும்தாம்மா இருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான், கடவுளே, இது பொய்யாக இருக்க வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியது.